பலாலிக்கும் திருச்சிக்கும் ஒரு மணி நேரம்

அக்கரப்பத்தனை
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜெயகாந்தன் மச்சானுக்கு,

உங்கள் மாமன் மகன் திலக்ஷன் எழுதுவது. துக்க வீட்டில் சுகம் விசாரிக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் கேட்கவில்லை. போனில் பேச வேண்டியதைக் கடிதமாக எழுதுகிறேன் என்றால் காரணம் உங்களுக்கே தெரியும். ஐந்து நாளாக நீங்கள் போன் எடுப்பதில்லை. என் நம்பரை மட்டுமல்ல, அப்பாவின் நம்பரையும் எடுப்பதில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் அத்தையின் பதினாறாம் நாள் முடிந்து ஆற அமர வந்து சேரும். றொசல்லையில் என்னோடு வேலை செய்கிற ஜூட்டும் அவன் அம்மா இசபெல் ஆன்ட்டியும் வியாழக்கிழமை வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். திருச்சியில் இறங்கித்தான் போக வேண்டும். அவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பார்சலும் வரும். அதைக் கடிதம் வாசித்து முடித்த பிறகு பிரியுங்கள்.

முதலில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை போனில் நீங்கள் கேட்டீர்கள்: “ஒரு மணி நேரத்துல வர முடியாத தாய்மாமன் எதுக்குடா?” கேட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். ஒரு மணி நேரம் என்று உங்களுக்குச் சொன்னது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. புதன்கிழமை காலையில் நீங்கள் அழுதுகொண்டே அத்தை போய்விட்டார் என்று சொன்னபோது, ஒரு கையில் போனையும் மறு கையில் இன்னொரு போனில் விமான டிக்கெட் பக்கத்தையும் வைத்துக்கொண்டுதான் பேசினேன். கொழும்புப் பக்கம், கட்டுநாயக்கவிலிருந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் இடமில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து வியாழன் பிற்பகல் இரண்டு இடம் இருந்தது. பலாலிக்கும் திருச்சிக்கும் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. பயண நேரம் ஒரு மணி என்று போட்டிருந்தது. விசாவும் முதல் நாள்தான் வந்திருந்தது, உயிரோடு பார்க்கலாம் என்று எடுத்த விசா. “ஒரு மணி நேரந்தான் மச்சான், நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அப்பா கோடியோட உங்க வாசல்ல நிப்பாரு, அதுவரைக்கும் தூக்காதீங்க” என்றேன்.

நான் பிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறவன். பெட்டிக்குப் பின்னால் ஒரு தகடு ஒட்டியிருக்கும். இவ்வளவு நேரத்தில் இவ்வளவு குளிரும் என்று எழுதியிருக்கும். அது பெட்டிக்கு உண்மை. அந்தப் பெட்டி போய் நிற்கிற வீட்டுக்கு உண்மையில்லை. விமான நிலையத்துக்கு எழுதிய நேரமும் அப்படித்தான். அது இரண்டு ஓடுபாதைக்கு நடுவில் உள்ள நேரம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பலாலி எவ்வளவு தூரம் என்று அந்த டிக்கெட் பக்கத்தில் எங்கேயும் போடவில்லை.

நீங்கள் ஒரு தடவை வந்திருக்கிறீர்கள், தங்கச்சி சர்மிளா கல்யாணத்துக்கு. கட்டுநாயக்கவில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் “இன்னும் எவ்வளவுடா?” என்று கேட்டீர்கள். கினிகத்தேனையில் வேனை நிறுத்தி வாந்தி எடுத்தீர்கள். “மாமா இம்புட்டு உசரத்துல என்னத்துக்குக் குடியிருக்காரு?” என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். அது பக்கத்து விமான நிலையம், மச்சான். பலாலி நாட்டின் அடுத்த முனை.

புதன்கிழமை மத்தியானத்துக்கு முன் கிளம்பிவிட்டோம். தலவாக்கலையில், அத்தையின் உடம்பில் போடக் கோடிச் சேலை எடுக்க வேண்டும். எனக்குத் துணி வாங்கப் பொறுமை கிடையாது. முதலில் கண்ணில் பட்டதை எடுங்க, பஸ் போயிரும் என்று கத்தினேன். அப்பா கேட்கவில்லை. கடைப் பையன் எடுத்துப் போட்டதையெல்லாம் தடவிப் பார்த்தார். பச்சை வேண்டாம் என்றார். நீலம் வேண்டாம் என்றார். “அக்காவுக்கு நான் எடுக்கிற மொதச் சேலைடா. கடைசிச் சேலையும் இதுதான். பாத்துத்தான் எடுப்பேன்” என்றார். கடைக்காரரும் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை போட்ட ஒன்றை எடுத்தார். நான் அதற்குள் வெளியில் போய்த் தெருவில் நின்றுகொண்டேன்.

அட்டனுக்குப் போய்க் கண்டி பஸ்ஸில் ஏறினோம். மழை. நீங்கள் வாந்தி எடுத்தீர்களே, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதையில் மண் சரிந்து கிடந்தது. மண் அள்ளுகிற பெக்கோ வருகிறது, வருகிறது என்றார்கள். வரவில்லை. இருட்டிய பிறகு திரும்பி, மற்றப் பாதையால் கண்டிக்குப் போகலாம் என்று நுவரெலியாவுக்கு வந்தோம். ரம்பொடைப் பக்கமும் சரிந்திருந்தது. விடியக்காலையில் பஸ் அந்த இடம் வரைக்கும்தான் போனது. சனம் எல்லாம் இறங்கிச் சேற்றில் நடந்து அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினார்கள். அப்பா சேலைப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்தார். குடையைத் தனக்குப் பிடிக்கவில்லை, பைக்குப் பிடித்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “பொறந்த வீட்டுக் கோடியை வழியில கை மாத்தக் கூடாது, பேசாம நடடா” என்று அதட்டினார். பை நனையவில்லை. அவர் முழுவதும் நனைந்துபோனார்.

கண்டியில் ஒரு வேன் பிடித்தேன். தம்புள்ளை தாண்டும்போது நீங்கள் போன் செய்தீர்கள். அத்தையை வைத்திருக்கிற ஐஸ் பெட்டி உர்ரென்று சத்தம் போடுகிறது, குளிரவில்லை என்றீர்கள். உங்கள் ஊரில் கரண்ட் இறங்கியிருந்தது. வோல்டேஜ் இல்லாவிட்டால் கம்ப்ரசர் முக்கிப் பார்க்கும், சூடாகி நின்றுபோகும், ஆறின பிறகு திரும்பவும் முக்கும். உங்களுக்கு வந்த சத்தம் அதுதான். மூடியைத் திறக்காதீங்க, ஸ்டெபிலைசர் கேட்டு வாங்குங்க, இல்லாவிட்டால் வேறு பெட்டி எடுங்க என்று சொன்னேன். பக்கத்தில் அப்பா இருந்ததால் யாரோ கடைக்காரனுக்குச் சொல்வதுபோல் சொன்னேன். “யாருடா, ஐஸ்கிரீம் கடையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், மச்சான்?

பலாலிக்குப் போய் இறங்கியபோது விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கவுண்டர் மூடிவிட்டார்கள். அது அவர்கள் சட்டம், நான் குறை சொல்லவில்லை. கவுண்டரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தது. “ஐயா, மூடியாச்சு. இனி நாளைக்குத்தான்” என்றது. நான் சண்டை போட்டேன். அப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், பையை மேசைமேல் வைத்து, “புள்ள, என் அக்கா செத்துப் போச்சும்மா, இதைப் போட்டாத்தான் தூக்குவாங்க” என்றார். அந்தப் பிள்ளை உள்ளே ஓடிப் போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தது. முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மேசைக்கு வெளியே வந்து அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தது.

விமானம் ஏறிப் போவதை அப்பா வெளியே வந்து நின்று பார்த்தார். அவ்வளவு கிட்ட அவர் விமானம் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, “அக்கா இந்தியாவுக்குப் போனப்ப அட்டன்ல ரயிலேறி, தலைமன்னார்ல கப்பலேறிப் போச்சு. எத்தனை நாளாச்சோ தெரியாது. ஆனா போய்ச் சேந்துருச்சுடா” என்றார். அப்புறம், “சேலைக் கடையில ஒரு மணி நேரம் நின்னுட்டேன்ல” என்றார். இல்லையப்பா, மண் சரிந்ததுதான் காரணம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் சும்மா இருந்துவிட்டேன். அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

அங்கே நின்றுதான் உங்களுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் வரைக்கும் வைக்க முடியுமா என்று கேட்டேன். நீங்கள் கேட்ட கேள்வியை மேலே எழுதிவிட்டேன். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இனி வைக்கக் கூடாது என்றார்கள். அது சரி. அந்த வெயிலில், அந்தப் பெட்டியில், நானாக இருந்தாலும் தூக்கத்தான் சொல்லியிருப்பேன். இதில் உங்கள்மேல் எனக்கு ஒரு சொல்லும் கிடையாது.

உங்கள் மூத்த மகன் அன்று இரவு எனக்கு வீடியோ அனுப்பினான். நீங்கள் அனுப்பச் சொன்னீர்களா, அவனாக அனுப்பினானா தெரியாது. பெரியவர் ஒருவர், “பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?” என்று குரல் கொடுக்கிறார். இன்னொரு தடவை கேட்கிறார். அப்போது நீங்கள் சந்து முனையைத் திரும்பிப் பார்த்தீர்கள், மச்சான். நாங்கள் பலாலியில் நிற்கிறோம் என்று தெரிந்தும் திரும்பிப் பார்த்தீர்கள். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, “வரலையா, சரி தூக்குங்கப்பா” என்கிறார். பக்கத்தில் ஒரு பொம்பளை, “சிலோன்காரங்க அம்புட்டுத்தான்” என்று சொல்வதும் கேட்கிறது. அத்தை அங்கே போய் ஐம்பது வருசமாகிறது. இன்னும் சிலோன்காரிதான் போல. இங்கே எங்களைத் தோட்டத்து ஆள் என்கிறார்கள். அதை விடுங்கள்.

அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

மறுநாள் திரும்பி வருகிற பஸ்ஸில், வவுனியா தாண்டியதும், மடியில் பையை வைத்துக்கொண்டு கேட்டார்: “அக்காவுக்குக் கோடி யாருடா போட்டா?” எனக்குப் பொய் வராது. உங்களுக்கே தெரியும், சர்மிளா கல்யாணத்தில் பிரியாணி சரியில்லை என்று சமையல்காரன் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். ஆனால் அப்போது வாயில் வந்துவிட்டது. “மச்சான் உங்க பேரைச் சொல்லி ஒரு சேலை வாங்கிப் போட்டாராம்பா” என்றேன்.

அதோடு விடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன கலராம்?” என்றார். என் கண்முன்னால் இருந்தது அந்தப் பை ஒன்றுதான். “அரக்கு. மஞ்சக் கரை” என்றேன்.

அப்பா அழுதது அப்போதுதான். அதுவரைக்கும் அழவில்லை. பிறகு, “பாத்தியா, என் மருமகன் என் மனசு தெரிஞ்சு எடுத்திருக்கான். நீ தெருவுல போய் நின்ன பய” என்றார். பக்கத்து சீட்டில் இருந்தவரைத் தட்டி எழுப்பி அவரிடமும் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். மாரியம்மன் கோவில் தலைவர் துக்கம் விசாரிக்க வந்தபோது அவரிடமும் சொன்னார். தேயிலை நிறுக்கிற இடம் வரைக்கும் இந்தக் கதை போய்விட்டது. கடல் தாண்டி இருந்தும் தாய்மாமன் மனசு தெரிந்த மருமகன் என்று தோட்டத்தில் எங்கள் முழு டிவிசனும் உங்களைப் புகழ்கிறது. சேலைக் கடையில் நின்ற ஒரு மணி நேரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூடப் பேசவில்லை. அதற்காகவே இந்தப் பொய்யைத் திருப்பி எடுக்க என்னால் முடியாது.

வீட்டுச் செய்தி நல்லதாக இல்லை. சேற்றில் நனைந்து வந்ததிலிருந்து அப்பாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மூச்சு இழுக்க ஆரம்பித்தது. லிந்துலை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இருதயமும் பலவீனம் என்கிறார்கள். டாக்டரிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன், பதினாறாம் நாளுக்கு இந்தியா போக முடியுமா என்று. நுவரெலியாவுக்கு அனுப்பவே யோசித்துக்கொண்டிருக்கிறோம், நீங்கள் இந்தியாவைப் பற்றிப் பேசுகிறீர்களே என்றார். அவரும் சுற்றி வளைக்கவில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்லவில்லை. கருமாதிக்குப் போகப் பாஸ்போர்ட்டை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.

சர்மிளாவுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போடாமல் திரும்பின கோடி வீட்டுக்குள் இருக்கக் கூடாது, அது இன்னொரு உடம்பைத் தேடும் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை. ஆனால் ஒரு பக்கம் மாதம் நிறைகிற பிள்ளை, ஒரு பக்கம் மூச்சிழுக்கிற மனிதன், நடுவில் அந்தப் பை. இரண்டு நாளாக நானும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். ஆற்றில் விட்டுவிடலாம் என்றார் அம்மா. அப்பாவிடம் கேட்டதற்கு, “ஆத்துல விடவா அம்புட்டு நேரம் நின்னு எடுத்தேன்? அக்காவுக்கு எடுத்தது அக்காகிட்டத்தான் போகணும். மருமகன் போட்டது ஒண்ணு, நான் போடறது ஒண்ணு, ரெண்டு சேலையா இருந்துட்டுப் போகட்டும். மகாராணி மாதிரிப் போகட்டும்” என்று வார்டில் படுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து இருமல் வந்து, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

அதனால்தான் இசபெல் ஆன்ட்டியிடம் போனேன். சாவுக் கோடியை வேண்டுதலுக்குப் போகிறவர்களிடம் எப்படிக் கொடுப்பது என்று எனக்கே தயக்கம். மறைக்காமல் சொன்னேன். “கொண்டாப்பா, மாதாவுக்கு எல்லாச் சேலையும் ஒண்ணுதான். உங்கப்பா பேருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்திட்டு வாறேன்” என்று வாங்கிக்கொண்டார். ஜூட் கிண்டல் செய்தான்: “திலக்ஷன், நீ சொன்ன ஒரு மணி நேரத்துலயே அத்தை வீட்டு வாசல்ல நிப்பேன், பாரு.” வேறு நாளாக இருந்தால் அடித்திருப்பேன். கட்டுநாயக்கவில் விமானம் ஏற அவனே ஒரு நாள் முந்திக் கிளம்புகிறான்.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். அதில் அந்தச் சேலை இருக்கிறது. மச்சான், அத்தையைப் புதைத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோய், உங்கள் கையால், அப்பாவின் பெயரைச் சொல்லி மண்மேல் விரித்துவிடுங்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி. வீடியோவில் குரல் கொடுத்தாரே, அந்தப் பெரியவர் இருந்தால் நல்லது. வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லலாம். நீங்கள் விரித்துவிட்டால் நான் அப்பாவிடம் சொன்னது பொய்யாக இருக்காது. நேரம் பிந்திய உண்மையாகிவிடும். எங்கள் பக்கத்திலிருந்து வருகிறது எல்லாம் பிந்தித்தான் வருகிறது. வராமல் இருப்பதில்லை.

என்மேல் உங்களுக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கட்டும். அதைத் தணிக்க நான் கேட்கவில்லை. ஆறின பிறகு என்னை ஒரு நாள் நேரில் திட்டுங்கள், வந்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் அப்பா தினமும் சாயங்காலம் உங்களுக்குப் போன் போடுகிறார். மணி அடித்து அடித்து நிற்கிறது. நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போனில்தான் பழுது என்று நினைக்கிறார். நேற்று என்னிடம் நீட்டி, “படிச்ச பையந்தானேடா, ஆஸ்பத்திரி ஐஸ் பெட்டியெல்லாம் செய்யிற, இதைச் செஞ்சு குடுக்க மாட்டியா?” என்றார். வாங்கிப் பின்மூடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக் கொடுத்தேன். இன்றைக்குச் சரியாகிவிடும் என்று சொன்னேன். இன்றைக்கும் நீங்கள் எடுக்கவில்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருகிற அன்று சாயங்காலமும் அவர் போட்டால், எடுங்கள். போடவில்லை என்றால் நீங்களே போடுங்கள், தாமதிக்காதீர்கள். அவர் உங்களுக்கு நன்றி சொல்வார். பிறகு சேலையைப் பற்றிக் கேட்பார். நான் சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். வேறொன்றும் பேச வேண்டாம்.

அத்தையின் ஆத்மா அமைதியடையட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராமல் எங்கள் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். அம்மா மீனம்மாவும் சர்மிளாவும் இதையே எழுதச் சொன்னார்கள்.

இனிப் பார்சலைப் பிரியுங்கள், மச்சான். நிறத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையையும்.

உங்கள் மாமன் சிவசாமியின் மகன்,
திலக்ஷன்